மூன்றாம் வருடத்துக் கட்டி

போஜனின் மேலண்ணத்தில் கட்டி எதுவும் இல்லை. ஆனால் மூன்று வருடம் கழித்து அங்கே பதினான்கு மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு நீர்க்கட்டி இருக்கும் என்று திரை சொன்னது.

டாக்டர் மங்கையர்க்கரசிக்கு இதொன்றும் புதிதல்ல. கோயம்புத்தூரில் அந்தப் பல் மருத்துவமனைக்கு வரும் எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாவற்றையும் பார்த்து இன்னது இருக்கிறது, இன்னது இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது பதினாறு வருடமாக அவள் வேலை. இரண்டு வருடத்துக்கு முன்பு ஸ்கேன் எந்திரத்தோடு இணைத்த 'முன்காட்டி' வந்தபிறகு, இன்னது வரப்போகிறது என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். மேலண்ணத்துக்கு மட்டும் இதுவரை முப்பத்தேழு பேருக்கு அப்படி எழுதியிருந்தாள். முப்பத்தேழு பேரும் மறுபேச்சில்லாமல் ஆபரேஷன் செய்துகொண்டு போனார்கள்.

முப்பத்தெட்டாவது ஆள்தான் போஜன். குன்னூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். ஐம்பதைத் தொடும் வயது, ஒல்லியான உடம்பு, கழுத்தில் மப்ளர். திரையில் சிவப்புக் கோடு போட்டிருந்த இடத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லாத கட்டிய எப்படிங்க டாக்டர் படம் புடிக்குது?"

"படம் புடிக்கலீங்க, வரைஞ்சு காட்டுது" என்றாள் மங்கை. "மேல முன்பல் ரெண்டுக்கும் பின்னாடி நாக்க வெச்சுப் பாருங்க. சின்னதா ஒரு மேடு தட்டுப்படுதா? அதுக்கு மேல எலும்புல ஒரு துளை இருக்குது. மூக்குலிருந்து ஒரு நரம்பு அந்த வழியா எறங்குது. எல்லாருக்கும் இருக்கறதுதான். சில பேருக்கு அந்தத் துளைக்குள்ளயே நீர் கோத்துக் கட்டியாயிரும். இந்த மெஷின் உங்க எலும்பு இன்னைக்கு எப்படி இருக்குன்னு பாக்குது. இதே மாதிரி எலும்பு இருந்த ஆயிரக்கணக்கான பேருக்கு அப்பறம் என்ன ஆச்சுன்னு அதுக்குத் தெரியும். அத வெச்சு உங்களுக்கு என்ன ஆகும்னு சொல்லுது."

"ஆபரேஷன்ல என்ன பண்ணுவாங்க?"

"துளைய சுரண்டி சுத்தம் பண்ணுவாங்க. அப்ப அந்த நரம்பும் கூடவே போயிரும். முன்பல்லுக்குப் பின்னாடி ஒரு காசு அளவு எடம் மரத்துப் போயிரும். நிறைய பேரு ஒரு மாசத்துல அத மறந்தே போயிடறாங்க."

இதை முப்பத்தேழு தடவை சொல்லிப் பழகியதால் வாய் தானாகச் சொல்லிவிட்டது. போஜன் நாக்கை அந்த மேட்டிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தபிறகு மெதுவாகச் சொன்னார்.

"நான் டீ டேஸ்டருங்க, டாக்டர்."

அவர் வேலை அவளுக்குச் சரியாகப் புரியவில்லை. அவரே விளக்கினார். ஏலத்துக்கு வரும் தேயிலையை ரகவாரியாகக் கொதிநீரில் போட்டு நீள மேஜைமேல் வரிசையாகக் கிண்ணங்களில் வைத்திருப்பார்கள். ஸ்பூனால் ஒரு மடக்கு எடுத்து, சர்ரென்று காற்றோடு சேர்த்து உறிஞ்சி மேலண்ணத்தில் அடிக்க வேண்டும். துவர்ப்பு எவ்வளவு, வீரியம் எவ்வளவு, இலை எங்கே தீய்ந்தது, எங்கே ஈரம் மிச்சமிருந்தது என்பதெல்லாம் அந்த அடியில் தெரிந்துவிடும். உடனே துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்குப் போய்விட வேண்டும். ஒரு காலைக்கு இருநூறு கிண்ணம்.

"நாக்குல ருசி தெரியறது எல்லாருக்கும் தெரியும். டீ தெரியறது இங்கதானுங்க" என்று முன்பல்லைத் தொட்டுக் காட்டினார். "அத சுரண்டிட்டா நான் வெறும் ஆளு."

"அப்ப ஆபரேஷன் வேண்டாம்னு இருந்துக்கலாமே? கட்டி வந்தா அப்ப பாத்துக்கலாம்."

"கம்பெனில விடமாட்டாங்க. இந்த வருஷத்துலருந்து டேஸ்டருங்க எல்லாரும் முன்காட்டிப் படம் குடுக்கணும்னு சட்டம் போட்டிருக்காங்க. சிவப்புக் கோடு இருந்தா மேஜைகிட்டயே சேர்க்கமாட்டாங்க. ஆபரேஷன் பண்ணிட்டு வந்தா ஒரு பரீட்சை வெச்சு, தேறினா எடுத்துக்குவாங்க."

மங்கை திரையை இன்னொரு தடவை பார்த்தாள். ஏதாவது சொல்ல வேண்டுமே என்பதற்காக, "எடுக்கறப்ப பல்ல சரியாக் கடிச்சீங்களான்னு சந்தேகமா இருக்கு. நாளைக்கு இன்னொரு தடவை எடுத்துப் பாத்துருவோம்" என்றாள். அவர் பல்லைச் சரியாகத்தான் கடித்திருந்தார். அது அவளுக்குத் தெரியும்.

மறுநாள் காலை ஸ்கேன் அறையிலிருந்து சகாயமேரி கூப்பிட்டாள். அந்த எந்திரத்தை ஓட்டும் டெக்னீஷியன் அவள்தான்.

"டாக்டர், இங்க கொஞ்சம் வாங்க. நேத்து பதினாலு. இன்னைக்கு ஒம்பது. ஒரே நாள்ல கட்டி எளச்சுப் போச்சுங்களா?"

மங்கை இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இன்றைய எலும்பு இரண்டிலும் ஒன்றுபோலவே இருந்தது. துளையின் அகலம் ஐந்தே முக்கால் மில்லிமீட்டர். கொஞ்சம் அகலம்தான். ஆனால் அவள் படித்த காலத்தில் ஆறுக்கு மேலே போனால்தான் சந்தேகப்படச் சொல்லிக் கொடுத்தார்கள். வருங்காலம் மட்டும் ஐந்து மில்லிமீட்டர் மாறியிருந்தது.

எந்திரத்தை நம்பாமல் இருக்கவும் அவளுக்குக் காரணமில்லை. போன வருடம் ஒருவருடைய கீழ்த்தாடையில் எவருக்கும் தெரியாத ஒரு கட்டியை அதுதான் முதலில் காட்டியது. அந்த மனிதர் இன்று உயிரோடு இருக்கிறார். அப்படிப்பட்டது இங்கே மட்டும் எதற்காகத் தடுமாற வேண்டும்?

அப்போதுதான் அவளுக்குத் தன்னுடைய படம் ஞாபகத்துக்கு வந்தது. கடைவாய்ப்பல் வலிக்காகப் போன வருடம் எடுத்தது. மேலண்ணத்தைப் பார்க்கச் சொல்லி அதை முன்காட்டியில் கொடுத்ததேயில்லை. கொடுத்தாள். முக்கால் நிமிடம் ஓடிய பிறகு சிவப்புக் கோடு வந்தது. மூன்று வருடம், பதினொரு மில்லிமீட்டர்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நோயாளிகளிடம் சொல்லும்போது வராத ஒரு கூச்சம் வாய்க்குள் வந்தது. அன்று முழுவதும் நாக்கு அந்த மேட்டையே தடவிக்கொண்டிருந்தது. நேற்றைவிடக் கொஞ்சம் உப்பியிருக்கிறதோ? சாயங்காலம் வீட்டில் டிபன் சாப்பிடும்போது கணவர் கேட்டார், "என்ன, பல்லுல ஏதாச்சும் மாட்டிக்கிச்சா?" இல்லை என்று தலையாட்டினாள். மூன்று வருடத்தில் வரப்போகும் ஒன்று இப்போதே வாயில் இருப்பதுபோலத்தான் இருந்தது. முப்பத்தேழு பேரும் இப்படித்தானே நாக்கால் தடவிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்ற நினைப்பு வந்ததும் தட்டைத் தள்ளி வைத்தாள்.

திங்கட்கிழமை காலையில் எந்திரத்தின் அளவுகள் சரியாக இருக்கின்றனவா என்று சோதிப்பது வழக்கம். அதற்கென்று ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் மண்டையோடு ஒன்று இருந்தது. பழைய காலத்தில் எந்தக் கல்லூரியிலிருந்தோ வந்தது. சகாயமேரி அதைத் தூக்கிப் பீடத்தில் வைத்தபோது மங்கை சொன்னாள்:

"சோதனைல போடாதீங்க சிஸ்டர். நோயாளின்னு போடுங்க. அண்ணம் பாக்கணும்னு குடுங்க."

சகாயமேரி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "பேரு என்னன்னு போடறதுங்க?"

"எதையாவது போடுங்க."

"மண்டையம்மாள், வயசு அம்பது" என்று முணுமுணுத்துக்கொண்டே தட்டினாள் சகாயமேரி. எந்திரம் மண்டையோட்டை ஒருமுறை சுற்றி வந்தது. இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முக்கால் நிமிடம்.

சிவப்புக் கோடு. மூன்று வருடம், பன்னிரண்டு மில்லிமீட்டர்.

சகாயமேரி சிலுவை போட்டுக்கொண்டாள். "ஏனுங்க டாக்டர், செத்தவங்களுக்கும் இனிமேத்தான் கட்டி வருமாம்!"

மங்கைக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது.

முன்காட்டியைச் செய்து தந்த கம்பெனிக்குப் போன் போட்டாள். பெங்களூரிலிருந்து ராகவேந்திரன் என்ற இன்ஜினியர் பேசினார். பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. மண்டையோட்ட உயிருள்ள ஆளுன்னு சொல்லிக் குடுத்தது நீங்க. அது நீங்க சொன்னத நம்பிருச்சு. உயிரோட இருந்தா இந்த எலும்புக்கு என்ன ஆகும்னு கணக்குப் போட்டிருக்கு. பொய்யான கேள்விக்கு வந்த பதில வெச்சு மெஷின் பொய் சொல்லுதுன்னு சொல்ல முடியுமா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் அவளை இன்னும் குழப்பியது.

"ஒரே ஆளுக்கு ஒரு நாள் பதினாலு, மறுநாள் ஒம்பது. அது எப்படி?"

"அது வருங்காலம் மேடம், மில்லிமீட்டர் சுத்தமா வராது. வரும், வராதுங்கறத மட்டும் பாருங்க. ரெண்டு நாளும் வரும்னுதானே சொல்லிச்சு?"

"சரி. இது எதப் பாத்துக் கத்துக்கிட்டது?"

"ஆரம்பத்துல ஒரு ஆயிரம் பேரோட படம். அதுக்கப்பறம் எல்லா ஆஸ்பத்திரியிலருந்தும் வர்ற ஆபரேஷன் ரெக்கார்டு. இப்போ பதினோராயிரம் இருக்கு. மெஷின் கட்டின்னு சொல்லித் தொறந்ததுல நூத்துக்குத் தொண்ணூத்தாறுல கட்டி எடுத்திருக்காங்க. அத எழுதினது நாங்க இல்ல மேடம். உங்க சர்ஜன்கள்."

போனை வைத்துவிட்டு மங்கை நேராக அறுவை சிகிச்சைப் பிரிவுக்குப் போனாள். டாக்டர் ஃபெலிக்ஸ் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவளுடைய முப்பத்தேழு பேருக்கும் கத்தி வைத்தவர் அவர்தான். நல்ல கை, நல்ல மனிதர்.

"ஃபெலிக்ஸ், அண்ணம் தொறந்தீங்களே, உள்ள என்ன இருந்துச்சு?"

"என்ன திடீர்னு? குழி இருக்கும். குழிக்குள்ள சதை இருக்கும். எடுப்பேன்."

"கட்டியோட தோலா, வெறும் சதையா?"

அவர் கையுறையைக் கையிலேயே வைத்துக்கொண்டு யோசித்தார். "சில பேருக்கு நல்லாவே தெரிஞ்சுச்சு. நீர்கூட வந்துச்சு. மத்தவங்களுக்கு ஆரம்பம்தானே, இன்னும் வளரலைன்னு நெனச்சுக்குவேன். மூணு வருஷம் கழிச்சு வரப்போறதத்தானே இப்ப எடுக்கறோம்?"

"லேபுக்கு அனுப்பினீங்களா?"

"முன்னாடி அனுப்பினோம். மெஷினே சொல்லிடுது, எதுக்கு இன்னொரு டெஸ்ட்டுன்னு நிறுத்தினாங்க. நீயும்தான் அந்த மீட்டிங்ல இருந்தே."

இருந்தாள். தலையாட்டவும் செய்திருந்தாள்.

"ரெக்கார்டுல என்ன எழுதுவீங்க?"

ஃபெலிக்ஸ் பக்கத்திலிருந்த கம்ப்யூட்டரில் திறந்து காட்டினார். ஆபரேஷன் முடிந்ததும் நிரப்பும் பக்கம். அண்ணக் கட்டி என்ற தலைப்புக்குக் கீழே இரண்டே கட்டங்கள் இருந்தன. முழுமையாக அகற்றப்பட்டது, பகுதியாக அகற்றப்பட்டது.

"ஒண்ணுமே இல்லைன்னா?"

"அதுக்குக் கட்டம் இல்லியே" என்றார் ஃபெலிக்ஸ். சொன்ன பிறகு அவருக்கே அது உறைத்தது. திரையிலிருந்து முகத்தைத் திருப்பாமல், "எத்தன பேரு மங்கை?" என்றார்.

அவளுக்குத் தெரியவில்லை. அதை இனித் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. எடுத்த சதை எதுவும் மிச்சமில்லை. எந்திரம் கட்டி என்றது, இவர்கள் திறந்தார்கள், கட்டி எடுத்ததாக எழுதினார்கள், அதைப் படித்து எந்திரம் இன்னும் உறுதியாகக் கட்டி என்றது. துளை கொஞ்சம் அகலமாக இருந்தாலே கட்டிதான் என்று அதற்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது இவர்களேதான். ஆனால் அந்த முப்பத்தேழில் நிஜமான கட்டிகளும் இருந்தன. நீர் வந்தது என்கிறாரே. ஆக, எந்திரம் சொல்வது எல்லாமே பொய் என்றும் சொல்ல முடியாது.

மறுநாள் மருத்துவமனையின் முதல்வரைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் எழுதிக் கொடுக்கச் சொன்னார், கமிட்டியில் வைப்பதாகச் சொன்னார், கடைசியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நாடு முழுக்க இது ஓடுதும்மா. எல்லாரும் தப்பு, நீ மட்டும் சரியா?" என்று கேட்டார். அதட்டிக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பியவர்போலத்தான் கேட்டார்.

புதன்கிழமை போஜன் வந்தார். கூட அவர் மனைவியும் வந்திருந்தார். மங்கை கண்டுபிடித்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னாள். மண்டையோட்டைப் பற்றிச் சொன்னபோது அந்த அம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இன்னைக்கு உங்க அண்ணத்துல ஒண்ணுமில்லீங்க. துளை கொஞ்சம் அகலம், அவ்வளவுதான். வருஷத்துக்கு ஒரு தடவை சாதாரணப் படம் எடுத்துப் பாத்தாப் போதும்."

"மூணு வருஷம் கழிச்சு வராதுங்களா?"

"தெரியாதுங்க."

"வரும்னு சொல்ல முடியுமா?"

"அதுவும் தெரியாது."

போஜன் மப்ளரின் நுனியைச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார். "எங்கண்ணனுக்கு வாய்ல ஒரு புண்ணு வந்தது. ஒண்ணுமில்ல, பாத்துக்கலாம்னாங்க. ஒரு வருஷந்தான் இருந்தாரு."

"அது வேற, இது வேறங்க. இது புத்துநோய் இல்ல."

"எங்களுக்கு எல்லாம் கட்டிதானுங்க டாக்டர். மெஷின் தெரியும்கறது. நீங்க தெரியாதுங்கறீங்க. தெரியும்னு சொல்றவங்ககிட்ட போறதா, தெரியாதுன்னு சொல்றவங்ககிட்ட இருக்கறதா? நீங்களே சொல்லுங்க. உங்களுக்கே வந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?"

தனக்கும் பதினொன்று என்று காட்டியிருப்பதை அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் ஆபரேஷன் வேண்டாமென்று இருந்திருப்பாரோ என்று பிற்பாடு பலநாள் நினைத்துப் பார்த்தாள்.

அவர்கள் எழுந்தார்கள். கதவருகே போனபிறகு மங்கை கூப்பிட்டாள். "வேற எங்க ஆபரேஷன் பண்ணிக்கிட்டாலும் ஒரு உதவி பண்ணுங்க. எடுத்தத மருந்துல போட்டுக் கேட்டு வாங்கி எனக்குக் கொண்டுவந்து குடுங்க."

போஜன் தலையசைத்தார். அவர் திரும்பி வரமாட்டார் என்றுதான் நினைத்தாள்.

ஒரு மாதம் கழித்து வந்தார். ஊட்டியில் ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் செய்துகொண்டிருந்தார். மேலுதட்டில் வீக்கம் இன்னும் முழுதாக வடியவில்லை. பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்திருந்த சின்ன பாட்டிலை மேஜைமேல் வைத்தார்.

"கேட்டீங்களே."

பாட்டிலுக்குள் அரிசி அளவில் இரண்டு மூன்று வெளிறிய துணுக்குகள் மிதந்தன. மங்கை அன்றே லேபுக்கு அனுப்பினாள். ஆறாவது நாள் ரிசல்ட் வந்தது. நரம்பு, ரத்தக்குழாய், சாதாரண இணைப்புத் திசு. கட்டியின் தோல் எங்கேயும் இல்லை.

அந்தத் தாளை இழுப்பறையில் வைத்தாள். எட்டு நாள் அது அங்கேயே கிடந்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது, வெட்டின நரம்பு ஒட்டிக்கொள்ளவா போகிறது என்று ஒரு நாள் தோன்றும். சொல்லாமல் இருந்தால் தானும் அந்த இரண்டு கட்டங்களைப்போலத்தான் என்று மறுநாள் தோன்றும். ஃபெலிக்ஸிடம் கேட்டாள். "நான் சொல்லமாட்டேன்" என்றார் அவர். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா எனக்குன்னா, சொல்லணும்னுதான் நெனப்பேன்" என்றார்.

ஒன்பதாவது நாள் அவளே போன் செய்தாள். போனில் கேட்டுக்கொள்ளமாட்டேன், நேரில் வருகிறேன் என்றார் போஜன்.

தனியாக வந்தார். உட்காரவில்லை. மங்கையும் எழுந்து நின்றபடியே தாளைப் படித்துச் சொன்னாள். அவர் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தாள்.

"நரம்புதானா?"

"நரம்பும் ரத்தக்குழாயும்."

"வேற ஒண்ணுமே இல்ல."

"இல்லீங்க."

போஜன் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். கீழே வண்டிகள் நிறுத்துமிடத்தில் யாரோ ஆட்டோக்காரரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்ப்பவர்போல வெகுநேரம் நின்றார். அவர் திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

"பரீட்சைல தேறலீங்க" என்றார் திரும்பாமலே. "இருபது கிண்ணம் வெச்சாங்க. ஏழுதான் சரியாச் சொன்னேன். இப்ப மூட்டைக்குச் சீட்டு ஒட்டற எடத்துல போட்டிருக்காங்க."

"நான் அன்னைக்கு இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கணும்."

"தெரியாததத் தெரியாதுன்னுதானே சொன்னீங்க. அதுல என்ன அழுத்தறது?" திரும்பினார். கண் சிவந்திருந்தது, குரல் மட்டும் சாதாரணமாக இருந்தது. "எங்க மேஜைல இன்னும் நாலு பேருக்குச் சிவப்புக் கோடு வந்திருக்குது. அடுத்த மாசம் தேதி குடுத்திருக்காங்க. நான் சொன்னா, ஆத்தாமைல பேசறான்னு நெனச்சுக்குவாங்க. இந்தத் தாள்ல இருக்கறத தமிழ்ல, எல்லாருக்கும் புரியற மாதிரி எழுதிக் குடுங்க. உங்க பேரப் போட்டு."

மருத்துவமனையின் பெயர் அச்சடித்த தாளில் எழுதக் கூடாது என்று முதல்வர் சொல்லியிருந்தார். மங்கை ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, கையால் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு நான்கு பேரும் ஒரு ஜீப்பில் வந்து இறங்கினார்கள். முன்சீட்டில் போஜன் உட்கார்ந்திருந்தார். மூன்று ஆண்கள். நான்காவது சுமித்ரா என்ற பெண். இருபத்தேழு வயது. மேஜையில் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. வேலை கற்றுக்கொடுத்தது போஜன்தான் என்று அவளே சொன்னாள்.

முன்காட்டியை அணைத்துவிட்டு வெறும் ஸ்கேன் மட்டும் எடுக்கச் சொன்னாள் மங்கை. முதல் மூன்று பேருக்கும் எதுவுமில்லை. துளையின் அகலம் ஒருவருக்கு ஐந்து மில்லிமீட்டர், ஒருவருக்கு ஐந்தரை, ஒருவருக்கு நாலே முக்கால். இன்றைக்கு ஒன்றுமில்லை, வருடம் ஒருமுறை வந்து பாருங்கள், நாளைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது என்று மூன்று பேரிடமும் ஒரே மாதிரி சொன்னாள். இதையே எழுதி வாங்கிக்கொண்டு கம்பெனியோடு வாதாடப் போவதாகச் சொல்லி, அவர்கள் போஜனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஒருவர் அழுதேவிட்டார்.

நான்காவது படம் திரைக்கு வந்ததும் மங்கை நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

முன்பல் இரண்டின் வேர்களும் இரண்டு பக்கமாக விலகியிருந்தன. நடுவில் கறுப்பாக, ஓரம் சுத்தமாக, உருண்டையாக ஒரு பள்ளம். அளந்தாள். பதிமூன்று மில்லிமீட்டர். இனி வரப்போவதல்ல, இப்போதே இருக்கிறது. அண்ணத்துப் பக்கம் எலும்பு காகிதம்போல் மெலிந்திருந்தது. மறுபடி அளந்தாள். ஃபெலிக்ஸைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஆமாம் என்று அவரும் தலையாட்டினார்.

"சுமித்ரா, உங்களுக்கு இருக்கும்மா" என்றாள்.

அந்தப் பெண் சிரித்தாள். விளையாட்டுக்குச் சொல்வதாக நினைத்துக்கொண்டாள். பிறகு சிரிப்பு நின்றது.

"நீங்கதானே டாக்டர் மெஷின் சொல்றது பொய்யின்னு எழுதிக் குடுத்தீங்க? ஆபீஸ்ல எல்லாரும் படிச்சோமே. நான் மேனேஜர்கிட்ட சண்டையே போட்டுட்டு வந்திருக்கேன்."

"நெறைய பேருக்குப் பொய். உங்களுக்கு நெஜம்."

"அதெப்படி? அவங்க மூணு பேருக்கும் பொய், எனக்கு மட்டும் நெஜமா? போஜண்ணாவுக்கும் இப்படித்தானே படத்த வெச்சுக் காட்டியிருப்பாங்க?"

மங்கையால் அவளைக் குறை சொல்ல முடியவில்லை. யாரோ ஒருத்தி ஒரு திரையைக் காட்டிச் சொல்கிறாள். முன்பும் அப்படித்தான் சொன்னார்கள். இந்தப் பெண் எதை நம்புவாள்?

"நாற்காலில உக்காருங்க. மரத்துப் போற ஊசி போட்டு, ஒரு சிரிஞ்ச் வெச்சு இழுத்துக் காட்டறேன். ஒண்ணும் வரலைன்னா எழுந்து போயிருங்க."

சுமித்ரா போஜனைப் பார்த்தாள். அவர் நாற்காலிப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். ஃபெலிக்ஸ் ஊசி போட்டார். மெலிந்த எலும்பைத் துளைத்துக்கொண்டு சிரிஞ்ச் முனை தடையில்லாமல் உள்ளே போனது. பின்னால் இழுத்ததும் தெளிவான வைக்கோல் நிறத் திரவம் சிரிஞ்சுக்குள் ஏறி, ஒன்றரை மில்லியைத் தொட்டு நின்றது. ஃபெலிக்ஸ் அதை அவள் கண்ணெதிரில் தூக்கிக் காட்டினார்.

சுமித்ரா அந்தச் சிரிஞ்சையே பார்த்தாள். வாய் மரத்திருந்ததால் வார்த்தை குழறியது.

"எடுக்கலைன்னா?"

"வளரும். பல்லு ஆடும். இன்னும் எலும்பு கரையும்" என்றாள் மங்கை.

"நரம்பு?"

"காப்பாத்தப் பாக்கறோம். ஆனா கட்டி நரம்பச் சுத்தியே இருக்குது. போயிரும்னுதான் நெனைக்கிறேன்."

இந்தத் தடவை ஒரு மாதத்தில் மறந்துபோகும் என்று அவள் சொல்லவில்லை. சுமித்ரா போஜன் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"எப்படியிருக்கும்ண்ணா?"

போஜன் யோசித்துத்தான் பதில் சொன்னார். "தொட்டா தெரியாது. சூடும் தெரியாது. ஒரு தடவை சுட்டுக்கிட்டேன், தோலு உரிஞ்சப்பறந்தான் தெரிஞ்சது. டீ வாயில இருக்கும், ஆனா பக்கத்து ரூம்ல இருக்கற மாதிரி இருக்கும். சுவத்துக்கு அந்தப் பக்கம் யாரோ பேசற மாதிரி."

"பழகிருச்சா?"

மங்கை அவரைப் பார்த்தாள். அவர் ஆமாம் என்று சொல்லிவிட வேண்டுமே என்று ஒரு கணம் அவளுக்கு இருந்தது. சொன்னால் இந்தப் பெண் தைரியமாகக் கையெழுத்துப் போடுவாள்.

"இல்லம்மா" என்றார் போஜன். "இன்னும் பழகல."

சுமித்ரா கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் சாய்ந்திருந்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"எங்க கையெழுத்துப் போடணும், டாக்டர்?"